புயலை வாசித்த பள்ளி பேண்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் கான்செர்ட் பேண்டில் நடந்தது. பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று இசை நடத்துநரும் நானும் முதலிலேயே பேசிக்கொண்டோம். வாசித்த உருப்படியின் பெயரையும் விட்டிருக்கிறேன், நிகழ்ச்சி நிரலை வைத்துப் பள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால். நான் அந்த பேண்டின் பொறுப்பாசிரியர்களில் ஒருவன். எடுக்கும் பாடம் இயற்பியல். இசையை நடத்தியவர் வெளியிலிருந்து வந்து பயிற்சி தரும் நடத்துநர்.

இங்கே பேண்ட் ஓர் இணைப்பாட நடவடிக்கை. மரக்காற்றுக் கருவிகள், பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், இவ்வளவுதான். வயலின் வகை கிடையாது. பெரும்பாலான பிள்ளைகள் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிறகுதான் முதன்முதலாகக் கிளாரினெட்டையோ டிராம்போனையோ கையில் எடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளிக் கலைக்குழுக்கள் மேடையேறும் சிங்கப்பூர் இளையர் விழா வரும். உழைப்பெல்லாம் அதை நோக்கியே போகும். அது முடிந்ததும் உயர்நிலை நான்கு மாணவர்கள் தேர்வுக்குப் படிக்க விலகிவிடுவார்கள். மூத்த கைகள் போன பின் மிஞ்சுகிற பேண்டை வைத்து ஆண்டின் மீதிப் பாதியை ஓட்ட வேண்டும்.

எங்களிடம் அப்படி மிஞ்சியவர்கள் 38 பேர். கிளாரினெட்டும் ஃபுளூட்டும் நிறைய. டியூபா ஒன்று, யூஃபோனியம் ஒன்று, பேஸ் கிளாரினெட் ஒன்று, ஃபிரெஞ்சு ஹார்ன் இரண்டு. ஓபோவும் பசூனும் இல்லை. தாளக் கருவிப் பிரிவில் 6 பேர், அதில் 4 பேர் அந்த ஆண்டுதான் சேர்ந்தவர்கள். ஜூலைக் கடைசியில் பள்ளி அரங்கில் கச்சேரி. மாணவர் செயற்குழு ‘இயற்கை’ என்று கருப்பொருள் வைத்தது. முக்கிய உருப்படியாக, கடும்புயலைச் சித்திரிக்கும் கிரேடு 2 (தொடக்கநிலை பேண்டுகளுக்கான எளிய நிலை) இசை ஒன்று தேர்வாயிற்று.

இயற்கையைச் சித்திரிக்கும் உருப்படிகளுக்குப் பள்ளி பேண்ட் உலகில் பஞ்சமே இல்லை. புயல், மலை, ஆறு, கடல், பறவை என்று எந்தப் பதிப்பகத்தின் பட்டியலைத் திறந்தாலும் வரிசையாக நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் “இந்த இடத்தில் மெல்ல ஆரம்பித்துப் பெருக்கு” என்றால் கையில் பென்சிலோடு தலையாட்டும்; “மழை தூரத்தில் வருகிறது” என்றால் உடனே மூச்சு மாறும். தவிர, பேண்டின் உடம்பே காற்றும் தோலும் உலோகமும். காற்றை ஊதிக் காட்டவும் இடியை உருட்டிக் காட்டவும் இதைவிடப் பொருத்தமான குழு கிடையாது. பெரிய இசையமைப்பாளர்களும் இந்த வழியில் வந்திருக்கிறார்கள். எரிக் விட்டேக்கர் தன் ‘கிளவுட்பர்ஸ்ட்’டை முதலில் சேர்ந்திசைப் பாடகர்களுக்காக எழுதி, பிறகு பேண்டுக்கு மாற்றினார், மழைத் துளிகளைக் காட்ட அதில் விரல் சொடுக்குகிறார்கள். ஜப்பானின் ஹிரோஷி ஹோஷினாவுடைய ‘ஃபூமோன்’ மணல்மேல் காற்று எழுதும் வரிகளைப் பற்றியது. 1987இல் அந்நாட்டு பேண்ட் போட்டியின் கட்டாய உருப்படிகளில் ஒன்று.

முதல் வாரங்களில் கண்டது

மே மாதத்தில் ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிகளின் வரிகளும் அடங்கிய இசைத்தாள், கைக்கு வந்தது. அமைப்பு எளிது: மெல்லிய தொடக்கம், வேகம் கூடும் பகுதி, முழுப் புயல், ஒரு நீண்ட நிறுத்தம், அமைதியான பகுதி, கடைசியில் புயல் சுருக்கமாகத் திரும்பி வந்து முடிவு. சுரங்களைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. முதல் பாரிலிருந்தே (பார் என்பது இசைத்தாளில் ஒரு தாளக்கட்டு) புயல் அடித்தது.

தொடக்கத்தில் சஸ்பெண்டட் சிம்பலை (நிலையில் பொருத்திய ஒற்றை உலோக வட்டு) மென்மையான கோலால் உருட்ட வேண்டும், கீழ்ச்சுரக் கிளாரினெட்டுகள் அடியில் நிற்க வேண்டும். சிம்பல் வாசித்த பையன் இரண்டே பாரில் உச்சத்துக்குப் போய்விட்டான். அவன் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து ஏறினார்கள். உண்மையான உச்சம் வரும்போது ஒருவரிடமும் மிச்சம் இல்லை. கீழ்ச்சுரங்கள் மெலிந்துபோனதால் நடுவில் கேட்டதெல்லாம் டிரம்பெட்டும் ஸ்நேர் டிரம்மும்தான். பேஸ் டிரம் ஒவ்வொரு இடிக்கும் ஒரே அடி அடித்தது, கதவைச் சாத்துகிற மாதிரி.

இன்னொன்றையும் கவனித்தோம். முழுப் புயல் பகுதியில் கிராஷ் சிம்பல் (மோதி ஒலிக்கும் இரண்டு உலோக வட்டுகள்) ஒரு தட்டில், அதாவது ஒரு தாள எண்ணிக்கையில், விழும். டிம்பனி என்ற பெரிய கிண்ண முரசின் உருட்டல் ஒன்றரைத் தட்டுத் தள்ளித்தான் தொடங்கும். ஸ்கோரில் தெளிவாகவே எழுதியிருந்தது. பிள்ளைகளோ ஒத்திகைக்கு ஒத்திகை இரண்டையும் நெருக்கிக் கொண்டுவந்து, கடைசியில் ஒரே நேரத்தில் அடித்தார்கள். சிம்பல் தாமதமா, டிம்பனி தாமதமா என்று அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம்கூட நடந்தது. அச்சில் பிழை இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

இதற்கிடையில் செயற்குழு ஒரு யோசனையோடு வந்தது. மின்னல் வெட்டும் காணொளியைப் பின்திரையில் ஓட்டலாம், பதிவு செய்த இடியோசையை ஒலிபெருக்கியில் விடலாம், அரங்க விளக்குகளை அணைத்து அணைத்துப் போடலாம். பிள்ளைகள் ஆசையோடு திட்டம் வரைந்திருந்தார்கள். பள்ளி நிர்வாகத்திலும் சிலருக்கு அது பிடித்திருந்தது; பெற்றோருக்குப் பார்க்க நன்றாக இருக்கும் என்றார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பதிவு செய்த இடியும் காணொளியும் வேண்டாம் என்பது. நடத்துநர் சொன்ன காரணம் நேரடியானது: ஒலிபெருக்கி இடித்தால் பேஸ் டிரம் வாசிக்கும் பிள்ளைக்கு என்ன வேலை? எனக்கு அதில் முழு சம்மதம். பதிவு ஒரே வேகத்தில் ஓடும் என்பது என் பக்கத்துக் காரணம். பிள்ளைகள் கொஞ்சம் வேகம் பிடித்தாலும் இடி தவறான இடத்தில் விழும். செயற்குழுவின் முகம் வாடியது உண்மை. அதற்கு மாற்றாக, இடித்தகடு ஒன்றை அவர்களே செய்துகொள்ளலாம் என்றோம். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தின் பட்டறையில் மெல்லிய துத்தநாகம் பூசிய தகட்டை வாங்கி, விளிம்பில் துணி நாடா ஒட்டி, துணி மாட்டும் சக்கர நிலையில் தொங்கவிட்டார்கள். கீழ் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் அடிவயிற்றில் உறுமும். கையுறை போடாமல் தொடக் கூடாது என்பதும், யார் காதுக்கும் அருகில் அதை நிறுத்தக் கூடாது என்பதும் அன்றே விதியாயின.

இரண்டாவது, கீழ்ச்சுரக் குறைபாடு. பதிப்புரிமை உள்ள இசையை நம் வசதிக்கு மாற்றி எழுத அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அவசியமும் இருக்கவில்லை. இல்லாத கருவியின் வரி மற்றக் கருவிகளின் தாள்களில் சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பது பள்ளிப் பதிப்புகளில் வழக்கம். பசூன் வரியைப் பேஸ் கிளாரினெட்டும் டெனர் சாக்ஸஃபோனும் பங்கிட்டுக்கொண்டன. டியூபாவை மேடையின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, கிளாரினெட்டுகளுக்குப் பின்னால் உட்கார வைத்தோம். இது மட்டுமே பெரிய வித்தியாசம் காட்டியது.

மூன்றாவது முடிவு நடத்துநருடையது. ஒரு மாலை முழுக்க வாசிக்காமல் கேட்க மட்டும் வைத்தார். பேத்தோவனின் ஆறாவது சிம்ஃபொனி, 1808இல் வியன்னாவில் அரங்கேறியது. அதன் நான்காம் பகுதி புயல். சிம்ஃபொனி முழுவதிலும் டிம்பனி ஒலிப்பது அந்தப் பகுதியில் மட்டும்தான். முதல் மூன்று பகுதியிலும் டிம்பனிக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அடியில் செல்லோக்கள் ஒரு தட்டுக்கு ஐந்து சுரம், டபுள் பேஸ்கள் நான்கு சுரம் வாசிப்பதால் இரண்டும் ஒட்டாமல் ஒரு கலங்கல் உண்டாகிறது. தூரத்து இடியின் உறுமல் அப்படித்தான் பிறக்கிறது. டிம்பனி வாசித்த மாணவி இதைக் கேட்டுவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அவள் உயர்நிலை இரண்டு, வீட்டில் வாய்ப்பாட்டும் கற்பவள். ஒத்திகை முடிந்ததும் என்னிடம் தமிழில் கேட்டாள்: “சார், அமிர்தவர்ஷிணியில மழைச் சத்தமே வராதே. ஆனா பாடினா மழை வரும்னு சொல்றாங்க?” எட்டயபுரம் வறண்டு கிடந்தபோது முத்துசுவாமி தீட்சிதர் ‘ஆனந்தாமிர்தகர்ஷிணி’ பாடி மழை பெய்தது என்ற கதையைத்தான் அவள் சொன்னாள். அருமையான கேள்வி. நம் மரபில் ராகம் மழையின் ஓசையைப் போலி செய்வதில்லை, மழையை வேண்டுகிறது. பேண்ட் உருப்படிகள் பலவும் ஓசையைக் காட்டவே பார்க்கின்றன. பேத்தோவனே தன் சிம்ஃபொனிக்கு ‘ஓவியம் தீட்டுவதைவிட உணர்வை வெளிப்படுத்துவதே அதிகம்’ என்று குறிப்பு எழுதியவர். அடுத்த ஒத்திகையில் அவளையே இதை மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். சீன, மலாய்ப் பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்டார்கள். திட்டத்தில் இல்லாத கால் மணி நேரம் அது, வீணாகவில்லை.

ஜூன் மாதத்துக் காலை

ஜூன் விடுமுறையில் காலை எட்டு மணிக்கு ஒத்திகை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சுமத்ரா ஸ்குவால் புதிதல்ல. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ உருவாகும் இடிமேக வரிசை கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ தீவைக் கடக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

அன்று ஒத்திகை நடக்கும்போதே மேற்கே வானம் கறுத்தது. நடத்துநர் கோலைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும் தாளும் பென்சிலுமாகக் கூரையுள்ள நடைபாதைக்கு வரச் சொன்னார். பேண்ட் அறை ஒலிகாப்பு செய்தது. உள்ளே இருந்தால் எதுவும் கேட்காது. பேசக் கூடாது. கேட்பதை நேர வரிசையில் எழுத வேண்டும். அவ்வளவே கட்டளை.

பிள்ளைகளின் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் முதல் வரி காற்று. அறிவிப்புப் பலகையில் காகிதங்கள் படபடத்தன, எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது, திடல் ஓரத்து மரங்களில் இலைகள் புரண்டன. அப்புறம் குளிர்ச்சி. (அதை ஓசைப் பட்டியலில் எழுதலாமா என்று ஒருவன் கேட்டான். எழுது என்றோம்.) அப்புறம்தான் மழை, அதுவும் உடனே எங்கள் தலைக்குமேல் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் முதலில் இரைந்தது, பிறகு திடலைக் கடந்து எங்களை நோக்கி வந்தது. “மழை வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது” என்று ஒரு ஹார்ன் வாசிப்பவர் எழுதியிருந்தார். இடி, எல்லோரும் நினைத்ததைவிட மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீண்ட இடைவெளி. மழை முழுவீச்சில் இறங்கியதும் அது ஒரே சீரான இரைச்சல். பக்கத்தில் இருப்பவர் பேசினால் மெல்லிய ஒலிகள் காணாமல்போய், அடிக்குரல் மட்டும் காதில் விழும். கடைசியில் வடிகாலின் ஓசை. மழை விட்ட பிறகும் அது நெடுநேரம் ஓயவில்லை.

அந்த இடத்தில் என் பாடம் உதவியது. மின்னலைக் கண்டதும் நொடிகளை எண்ணச் சொன்னேன். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மூன்று நொடி என்றால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெட்டியிருக்கிறது. மின்னலின் பாதையே சில கிலோமீட்டர் நீளம் இருக்கும். அருகில் உள்ள பகுதியின் ஒலி முதலிலும், தூரத்துப் பகுதியின் ஒலி பின்னாலும் வந்து சேர்வதால் இடி ஒரே அடியாக விழாமல் உருண்டு ஓடுகிறது. நான் சொல்லி முடிக்கும் முன்பே டிம்பனி மாணவி சிம்பல் பையனைத் திரும்பிப் பார்த்து, “அதுதான் அந்த ஒன்றரைத் தட்டு” என்றாள். சிம்பல் மின்னல், டிம்பனி இடி. அச்சுப் பிழை என்று யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

ஒத்திகை மாறிய விதம்

அடுத்த நாள் நடத்துநர் ஸ்கோரையும் பிள்ளைகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுதியிருந்த எதையும் நீக்கவில்லை. அளவை மட்டும் மாற்றினோம். தொடக்கத்தின் சஸ்பெண்டட் சிம்பலை அந்தப் பையன் வட்டின் விளிம்பிலிருந்து விலகி, கோலைச் சற்றே தளர்வாகப் பிடித்து உருட்டப் பழகினான். பேஸ் டிரம்மின் ஒற்றை அடிகள் இரண்டு கோல் உருட்டலாயின. அப்படித்தான் ஸ்கோரிலும் இருந்தது, பிள்ளைகள்தான் எளிதாக்கியிருந்தார்கள். ஸ்நேர் டிரம்மின் சீரான இரைச்சல் மழை என்று புரிந்ததும், அதை வாசித்தவள் தானாகவே தணிந்து, மேடுபள்ளம் இல்லாமல் வாசித்தாள். மழை இரையும்போது ஃபுளூட் கேட்காமல்போகும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்திருந்ததால், அந்தப் பகுதியில் ஃபுளூட்டுகளை முண்டியடித்து ஊதச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஸ்கோரில் தொடக்கத்துக்கு ஒரு விருப்பக் குறிப்பு இருந்தது: சுரம் இல்லாத காற்றொலி. முதலில் அதைத் தவிர்த்திருந்தோம். ஜூனுக்குப் பிறகு பிள்ளைகளே கேட்டார்கள். ஆஸ்திரேலியரான ஜோடி பிளாக்ஷாவின் ‘வேர்ல்விண்ட்’ போன்ற தொடக்கநிலை உருப்படிகளில் மாணவர்களே காற்றின் ஒலிச்சூழலை உண்டாக்குவதை நடத்துநர் எடுத்துக்காட்டினார். 2006இல் ஃபிராங்க் டிகேலி பெயரில் நடந்த முதல் இசையமைப்புப் போட்டியில் பரிசு பெற்றது அது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சுரமின்றி ஊத, உயர்நிலை ஒன்று மாணவர்கள் சிலருக்குத் தலை சுற்றியது. எதிர்ப்பே இல்லாமல் காற்று வெளியே போவதால் மூச்சு சட்டென்று தீர்ந்துவிடுகிறது. மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழு ஓயும்போது அடுத்தது தொடங்கும்படி வைத்தோம். காற்றும் அதனால் இடமிருந்து வலமாக மேடையைக் கடந்தது. அந்த நகர்வு எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது.

கச்சேரி

தொடக்கம் நினைத்தபடி நின்றது. அரங்கில் மின்விசிறிகளை நிறுத்தியிருந்ததால் காற்றொலி கடைசி வரிசைவரை போனது. சிம்பலுக்கும் டிம்பனிக்கும் நடுவே அந்த ஒன்றரைத் தட்டு ஒருமுறைகூடக் கலையவில்லை.

பிசகியதும் உண்டு. வேகம் கூடும் பகுதியில் ஸ்நேர் டிரம் தணிந்து வாசித்ததில் டிராம்போன்கள் தாளத்தைப் பிடிக்க முடியாமல் முந்தின. சில பார்களுக்கு இரண்டு பேண்ட் வாசிப்பது போலிருந்தது. இடித்தகடு இரண்டு பார் தாமதமாக உறுமியது. தகட்டை ஆட்டத் தொடங்கியதும் ஒலி வந்துவிடாது, அது எழும்ப நேரம் பிடிக்கும். அதை வாசித்த உயர்நிலை ஒன்று மாணவன் நடத்துநரின் சைகைக்குக் காத்திருந்து, சரியாகச் சைகையில் தொடங்கினான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்று அவன் தாளில் குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். முழுப் புயலுக்குப் பிறகு வரும் நீண்ட நிறுத்தத்தில், முடிந்துவிட்டது என்று நினைத்துப் பார்வையாளர்கள் கைதட்டிவிட்டார்கள். நடத்துநர் கையை இறக்காமல் நின்றார். தட்டல் ஓய்ந்த பிறகு அமைதிப் பகுதி தொடங்கியது.

அப்புறம் வந்த கருத்துகள் இரண்டு விதம். சில பெற்றோர், புயல் என்று போட்டுவிட்டு இவ்வளவு மெல்ல வாசித்தார்களே என்றார்கள். காணொளி இருந்திருந்தால் கலகலப்பாக இருந்திருக்கும் என்று நிர்வாகத்தில் ஒருவர் திரும்பவும் சொன்னார். வந்திருந்த உயர்நிலை நான்கு மாணவர்கள், இளையர் விழாவில் தாங்கள் வாசித்ததைவிடக் கீழ்ச்சுரங்கள் நன்றாகக் கேட்டதாகச் சொன்னார்கள். எனக்கு இவர்கள் சொன்னது முக்கியமாகப் பட்டது, அந்தக் குழுவின் உள்ளிருந்து கேட்டுப் பழகிய காதுகள் அவை.

அடுத்த முறை மாற்றப்போவது

கேட்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே வைப்போம். நாங்கள் அதை மே முழுக்க ஒத்திகை பார்த்த பிறகு வைத்ததால், ஊறிப்போன பழக்கங்களைக் கலைக்கவே பாதி ஜூன் போனது. மழையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாதுதான். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மே முதல் ஜூலைக்குள் ஏதாவது ஒரு காலை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் வடிகால் ஓசையும் மரத்துக் காற்றும் எந்த நாளும் இருக்கின்றன.

உருப்படியைத் தலைப்பை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், கையிலிருக்கும் கருவிகளை வைத்துத் தேர்ந்தெடுப்போம். ஒரே ஒரு டியூபாவோடு புயல் வாசிக்கலாம், வாசித்தோம். அந்த ஒரு பிள்ளைமேல் ஏற்றிய சுமை அதிகம். கச்சேரிக்கு முதல் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் எங்களிடம் மாற்று ஏற்பாடு இல்லை. இடித்தகட்டை, உருட்டல் தெரிந்த மூத்த மாணவரிடம் கொடுப்போம். நிறுத்தம் உள்ள இடத்தை நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரியில் சொல்வோம்.

காணொளி பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. செயற்குழுவின் புதிய மாணவர்கள் இந்த ஆண்டும் அதைக் கேட்கிறார்கள். இசையோடு ஓடாமல், உருப்படிக்கு முன்னால் பிள்ளைகள் எழுதிய மழைத் தாள்களைத் திரையில் காட்டலாம் என்று நடத்துநர் சொல்லியிருக்கிறார். நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்த உருப்படி கடலைப் பற்றியது. இரண்டு டியூபா இருக்கின்றன. முதல் ஒத்திகையை ஈஸ்ட் கோஸ்ட் கரையில் வைக்க அனுமதிப் படிவங்கள் பெற்றோரிடம் போயிருக்கின்றன.